கூரையில் ஓடிய நீலப் பட்டை

தையல்காரர் என்பதால் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். எதைக் கண்டாலும் ‘ஏன்?’ என்று கேட்பதால் முதுகுக்குப் பின்னால் ‘ஏன் மாஸ்டர்’. ஏழு வயதில், அக்காளின் புதுச் சட்டையில் கை எப்படி உடம்போடு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைப் பிரித்துவிட்டார். திரும்பச் சேர்க்கத் தெரியவில்லை. அக்காள் போட்ட கூச்சலில் வீடு இரண்டுபட்டது. “பிரிச்சவனே தைக்கட்டும்” என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்று பிடித்த ஊசியை ஐம்பத்தாறு வயதாகியும் அவர் கீழே வைக்கவில்லை.

அவர் மனைவி பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரே டீச்சர் என்று கூப்பிட, கட்டிய கணவரும் டீச்சர் என்றே கூப்பிட்டார். பயிற்சிக்கு இருப்பது ஒரே கார், அதற்கு வயது இருபத்திரண்டு. அதில் எது கெட்டாலும் மாஸ்டர் கைவைத்துவிடுவார். முன்னிருக்கைக்கு எதிரே சாமான் போடும் சின்னப் பெட்டியின் மூடி நிற்காமல் விழுந்தபோது அதற்கு ஒரு கைப்பை ஜிப்பைப் பொருத்தினார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றும் பிடி உடைந்தபோது பழைய நூல்கட்டையைச் செருகி முடுக்கினார். கற்றுக்கொள்ள வந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கண்ணாடி என்னவோ ஒழுங்காக ஏறி இறங்கியது.

இத்தனை செய்தவருக்கு ஓட்ட மட்டும் தெரியாது. கல்யாணமான புதிதில் டீச்சர் ஒருமுறை தன் அப்பாவின் காரில் அவரை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தார். கிளட்சை மிதித்தால் அங்கே என்னதான் நடக்கிறது என்று மாஸ்டர் குனிந்து பார்க்க, பக்கத்து வீட்டுப் பூந்தொட்டிகள் நாலும் நொறுங்கின. “ரோட்டைப் பாருங்கன்னா காலைப் பாக்கிறீங்களே! இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது” என்றார் டீச்சர். மாஸ்டரும் அதோடு சரி.

இப்போது வந்திருப்பது கூரைத் துணியின் முறை. காரின் உட்கூரையில் ஒட்டியிருந்த சாம்பல்நிறத் துணி ஒரு வருடமாகத் தொப்பை போட்டுத் தொங்கியது. மாஸ்டரின் குண்டூசிகளைக் கொண்டு டீச்சர் அதைக் குத்திவைத்துச் சமாளித்தார். போன வாரம் ஒரு ஊசி, வளைவில் திரும்பிக்கொண்டிருந்த பெண்ணின் தலையில் விழுந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியைப் பார்க்க மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் வருகிறார். போன தடவையே அவர் கறாராகச் சொல்லியிருந்தார்: பின்கண்ணாடியை மறைக்கிற மாதிரி துணி தொங்கினால் பயிற்சிக்கான அனுமதி கிடையாது. வேறு கார் வாங்க வழியில்லை. அனுமதி போனால் டீச்சரின் தொழில் போச்சு.

சனிக்கிழமை மாஸ்டர் கூரையைப் பிரித்தார். கைப்பிடி, விளக்கு, வெயில் மறைப்பு, கதவோர ரப்பர் எல்லாம் கழற்றி, துணி ஒட்டிய அட்டையைப் பின்கதவு வழியாக இழுத்து வெளியே எடுத்தார். பசை விட்டுப்போச்சு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மாஸ்டருக்கு அதில் நம்பிக்கையில்லை. துணியை உரித்துப் பார்த்தால் பசை அப்படியே இருந்தது. துணிக்குப் பின்னாலிருந்த மெல்லிய பஞ்சு நுரைதான் பொடிப்பொடியாகிக் கொட்டியது.

“டீச்சர்! ஓடி வா! பசை பாவம், அது மேல ஒரு தப்பும் இல்ல!”

தலையெல்லாம் மஞ்சள் தூளாக நின்றவரைப் பார்த்து டீச்சர் இடுப்பில் கைவைத்தார். “தப்பு யாரு மேலன்னு அப்புறம் விசாரிங்க. எனக்குத் திங்கக்கிழமைக்குக் கூரை வேணும்.”

புதுத் துணி வாங்கி வந்தாயிற்று. தையல்காரருக்கு அளவு என்றால் பழைய உடுப்புதான். கசங்கிய உடுப்பில் அளவெடுப்பது அவருக்கு ஆகாது. ஆகவே உரித்த துணியை மேசையில் விரித்து, வழக்கம்போல் இஸ்திரி போட்டார். சுருக்கமில்லாமல் தகடாகப் படிந்தது. அதைப் புதுத் துணிமேல் வைத்து, சாக்கட்டியால் கோடிழுத்து, கத்தரியை ஓட்டினார்.

ஞாயிறு மதியம், பசை தடவுமுன் அட்டைமேல் துணியைப் போட்டுப் பார்த்தார். அகலத்தில் நாலு விரல் குறைந்தது. இப்படி இழுத்தார், அப்படி இழுத்தார். பிறகுதான் உறைத்தது: சூட்டில் பழைய துணி சுருங்கியிருக்கிறது. முப்பது வருடமாக மற்றவர்களுடைய துணியைப் பார்த்துப் பார்த்து இஸ்திரி போட்டவர், சொந்த வீட்டுத் துணியில் கோட்டைவிட்டார். கடையோ ஞாயிற்றுக்கிழமை திறக்காது.

டீச்சர் வந்து பார்த்தார். திட்டவில்லை. “ஒட்டுப்போட்டா தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். குரல் இறங்கியிருந்தது. அது மாஸ்டரைச் சுட்டது. திட்டியிருந்தால் தேவலை என்று நினைத்தார்.

“தெரியும். மறைக்க முடியாதுன்னா நல்லாத் தெரியற மாதிரியே போட்டுடறேன்.”

துணியை நட்டநடுவில் நீளவாக்கில் வெட்டினார். யாருக்கோ கோட்டு தைத்ததில் மிஞ்சிய அடர்நீலத் துணியை நாலு விரல் அகலத்துக்கும் தையலுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் எடுத்து நடுவில் கொடுத்து, இரண்டு ஓரமும் இரட்டைத் தையல் போட்டார். பசை தடவி, அது பிசுபிசுக்கும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி ஒட்டினார். பொழுது சாய்வதற்குள் அட்டை காருக்குள் ஏறிவிட்டது. முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடிவரை கூரையில் நேராக ஒரு நீலப் பட்டை ஓடியது.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் உள்ளே ஏறிக் கூரையை நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

“இது என்னங்க, நடுவுல நீலமா?”

அழகுக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மாஸ்டரா விடுவார்? இஸ்திரி, சூடு, சுருக்கம் என்று ஆதியோடந்தமாகத் தன் குட்டைத் தானே உடைத்தார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“சரி, தொங்கலை. அது போதும்” என்றார் இன்ஸ்பெக்டர். “அந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல பின்னால எடுத்துக் காட்டுங்கம்மா.”

டீச்சர் உட்கார்ந்து, இருக்கையில் கைபோட்டு, பின்னால் திரும்பிப் பார்த்தார். கண் கூரைப் பட்டையின்மேல் போய் நின்றது. பிறகு கார் பின்னால் நகர்ந்து, இரண்டு கம்பங்களுக்கும் சரிநடுவில் போய் நின்றது. இன்ஸ்பெக்டர் தாளில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

டீச்சர் இறங்கவில்லை. “என்னங்க, இங்க வாங்க. பின்னால திரும்பிப் பாருங்க. இந்தப் பட்டை எங்க போகுது?”

“பின்கண்ணாடிக்கு நடுவுல.”

“இருபது வருஷமா, பின்னால எடுக்கிறப்பல்லாம் ‘நேராப் போ, நேராப் போ’ன்னு கத்தறேன். நேருன்னா எதுன்னு காட்ட என்கிட்ட ஒண்ணும் இல்ல. இப்ப இருக்கு. பட்டை எந்தப் பக்கம் காட்டுதோ அதுதான் நேரு.”

“நிஜமாவா? ஏன் அப்படி?” என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

டீச்சர் காரை முன்பிருந்த இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தி, இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தார். “கேக்காதீங்க. உட்கார்ந்து பாருங்க.”

“நானா?”

“நீங்கதான். கீழ குனியக்கூடாது. பட்டையை மட்டும் பாருங்க. பிரேக் எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு.”

மாஸ்டர் உட்கார்ந்தார். டீச்சர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். டீச்சர் சொல்லச் சொல்லக் கிளட்சை விட்டார். கார் மெல்லப் பின்னால் ஊர்ந்தது. பட்டை கம்பங்களின் நடுவைக் காட்டிக்கொண்டே இருந்தது. பத்தடி, இருபதடி. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கம்பங்கள் இரண்டும் பக்கவாட்டில் வந்ததும் மாஸ்டரே பிரேக்கை மிதித்து நிறுத்தினார். டீச்சர் அவரைப் பார்த்தார்; தன் பக்கத்துப் பிரேக்கில் டீச்சர் கால் வைக்கவே இல்லை.