பழைய ரேமுக்கு ஐந்து நிமிடம்

என் மனைவி நான்கு மாதம் உட்கார்ந்து படித்த தேர்வு அது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் அலுவலக வேலைக்கானது. வீட்டுக் கணினியிலேயே எழுதலாம், ஆனால் பதினொரு மணிக்குள் நுழைந்துவிட வேண்டும். கைபேசியில் முடியாது. எங்கள் பழைய ப்ராசஸரிலோ அந்தத் தேர்வு மென்பொருள் ஓடவே மாட்டேன் என்றது.

புது ப்ராசஸரும் மதர்போர்டும் வரவழைத்தேன். ரேம் விற்கிற யானை விலை, குதிரை விலைக்கு அதையும் புதிதாக வாங்குவானேன்? பழைய ரேமையே ஏற்கும் மதர்போர்டாகத் தேடிப் பிடித்திருந்தேன். அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முந்தின நாள் வரவேண்டிய பார்சல், தேர்வன்று காலை ஒன்பது மணிக்குத்தான் வந்தது.

பத்தேகாலுக்கு எல்லாவற்றையும் மாட்டிப் பொத்தானை அமுக்கினேன். விசிறி சுற்றியது. திரை கருப்பாகவே இருந்தது.

தூத்துக்குடியில் திரை வராவிட்டால் யாரும் யோசிப்பதில்லை. உப்புக்காற்று ரேமைப் பிடித்திருக்கும். கழற்று, ரப்பரால் தேய், திரும்ப மாட்டு. அலுவலகமோ வீடோ, இதுதான் வைத்தியம், பெரும்பாலும் பலிக்கும். நானும் அரை நிமிடம் பார்த்தேன், அணைத்தேன், கழற்றித் தேய்த்தேன். மறுபடியும் கருப்பு. மறுபடியும் தேய்த்தேன். ஐந்தாவது தடவையும் கருப்புதான். ரேமைத் திட்டினேன், பார்சல்காரனைத் திட்டினேன்.

தேர்வுக்கென்று புதுச் சுடிதார் போட்டு, தலைவாரி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் அவள். நான் தூக்கி எறிந்த மதர்போர்டு கையேட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"என்னங்க, இதுல போட்டிருக்கு. மொதத் தடவ போடுதப்ப, போர்டு ரேமப் பழகிக்கிட அஞ்சு நிமிஷம் வரைக்கும் ஆகுமாம். அதுவரைக்கும் திரை வராதாம். அணைக்கக் கூடாதாம்."

"அத எழுதுனவன் நம்மூர் உப்புக்காத்தக் கண்டானா? ஏளா, நீ சும்மா இரு."

சொல்லிவிட்டு இன்னும் இரண்டு தடவை கழற்றித் தேய்த்தேன். மணி பத்து ஐம்பது. எட்டாவது தடவை பொத்தானை அமுக்கியதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க."

இரண்டு பேரும் கருப்புத் திரையைப் பார்த்தபடி இருந்தோம். ஒரு நிமிடம். இரண்டு. எனக்கு அணைத்துவிட வேண்டும் போல் விரல் பரபரத்தது. அவள் பிடி வலித்தது. நான்காவது நிமிடம் திரையில் வெளிச்சம் வந்தது.

நான் கத்தியே விட்டேன். அவள் கத்தவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள். புதுப் பாகங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, கணினி தானாகவே ஒருமுறை அணைந்து திரும்ப எழுந்தது. தேர்வுப் பக்கம் திறந்தபோது பதினொன்று மூன்று. நுழையும் நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு வரி இருந்தது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு என் கையை விட்டாள்.

"இனிமே அணைச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, சுடிதாரை மாற்ற எழுந்து போனாள்.