காலையில் மட்டும் ஓடாத கம்ப்யூட்டர்

போன வாரம் ஈப்போவில் என் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீரென்று அடம்பிடித்தது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், இரண்டு விநாடியில் அணையும். பிறகு தானாகவே மறுபடி விசிறி, விளக்கு, அணைப்பு. மகள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கம்மா" என்றாள். நான் கேட்கவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளிருந்து சூடான தூசியின் வாசனை வந்தது. அதற்குமேல் வேலை ஓடவில்லை.

ஒவ்வொரு ஊர்த் தூசிக்கும் ஒரு வாசனை உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்கள். மலைமேல் குளிரூரான பிரிஞ்சாங்கில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான்கு வருடம் ரிப்பேர் வேலை பார்த்தவள் நான். கியா பார்ம் தோட்டங்களிலிருந்து வரும் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் உரமும் ஈரமண்ணும் மணக்கும். கோலா தெர்லா காய்கறி லாரிக்காரர்களின் பெட்டியில் டீசல். எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டுப் பெட்டி என்றால் தேயிலைத்தூளும் பூஞ்சையும் கலந்து ஒரு வாசனை. நானும் லயத்தில் பிறந்தவள்தான். ஆனாலும் ஒரு வருடக் கம்ப்யூட்டர் படிப்பை முடித்த கையோடு என்னை ஒரு டாக்டராகவே நினைத்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லாததுதான் குறை.

அந்த நாட்களில்தான் ஒரு திங்கட்கிழமை அந்தோணி அங்கிள் கடைக்கு வந்தார். தேயிலை ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். பெட்டியைப் போர்வையில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"ஆன் பண்ணா தானா அணைஞ்சு அணைஞ்சு எரியுதும்மா. நேத்து மவகிட்ட பேசவே முடியல."

அவர் மகள் ஸ்டெல்லா இங்கிலாந்தில் நர்ஸ். சனிக்கிழமை இரவு வேலை முடிந்து அவள் அறைக்கு வரும்போது இங்கே ஞாயிறு காலை ஏழு மணி. சர்ச்சுக்குக் கிளம்புமுன் அரைமணி நேரம் வீடியோவில் பேசுவார்கள். போனில் பேசக்கூடாதா என்று கேட்டேன். அவர் மனைவி ரோசம்மா ஆண்டி, தேயிலை அரைக்கும் மெஷின்களுக்குப் பக்கத்தில் இருபது வருடத்துக்குமேல் நின்றவர், காது போய்விட்டது. திரையில் மகளின் உதட்டைப் பார்த்தால்தான் அவருக்குப் பேச்சு புரியும்.

அன்று மதியம் நல்ல வெயில். மெமரியைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் பற்களைத் தேய்த்து மறுபடி மாட்டி, பொத்தானை அழுத்தினேன். ஒரே தடவையில் வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். குறையே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி வந்தார். "காலையில ஓடலம்மா."

வேறு பவர் சப்ளை மாட்டினேன். மதியம் முழுக்க ஓடியது. நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "அங்கிள், பாருங்க, நல்லாதானே ஓடுது லா. நீங்க எதையோ தப்பா அமுக்குறீங்க."

கடையில் இருந்த வேறு இருவர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இல்லம்மா, காலையிலதான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். போர்வையை மடிப்புக் கலையாமல் சுற்றி எடுத்துப் போனார்.

அதன்பிறகு மூன்று வாரம் அவரைக் காணவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நான்காவது வாரம் வந்தபோது கையில் பெட்டி இல்லை.

"அந்த ஞாயிறும் ஓடலம்மா. அடுத்த வாரமே ரோசம்மாவுக்கு ஸ்ட்ரோக்கு வந்துருச்சு. ஆஸ்பத்திரியில வச்சிருந்து இப்பதான் வீட்டுக்கு அனுப்புனாங்க. பேச்சு இல்ல. நீ ஒரு தடவ காலையில வீட்டுக்கு வந்து பாக்குறியா?"

ஞாயிறு ஆறரைக்குப் போனேன். பனி லயத்து வாசல் வரைக்கும் இறங்கியிருந்தது. ஜன்னலுக்குக் கீழே, மரப்பலகைமேல் பெட்டி. பக்கத்துக் கட்டிலில் ஆண்டி, ஒரு பக்கம் வாய் கோணி, என்னைப் பார்த்தபடி படுத்திருந்தார். பொத்தானை அழுத்தினேன். விசிறி, விளக்கு, அணைப்பு. விசிறி, விளக்கு, அணைப்பு. எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்பது தடவை.

தகட்டைக் கழற்றித் தொட்டேன். போர்டு ஐஸ்போல் இருந்தது. பெரிய விசிறியின் ஒயர்களை ஒதுக்கி டார்ச் அடித்தேன். அங்கே வரிசையாக நின்ற, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் குட்டி உருளைகளான கெப்பாசிட்டர்களில் நாலின் தலை உப்பியிருந்தது. கெட்டுப்போன கெப்பாசிட்டர் குளிரில் வேலை செய்யாது. உடம்பு சூடானால் எழுந்துகொள்ளும். என் கடையின் மதிய வெயிலில் அது எழுந்துகொண்டது. அந்த ஒயர்களை நான் முன்பே ஒதுக்கிப் பார்த்திருக்கலாம். இரண்டு தடவை திறந்தவள் நான்.

"ஹேர் டிரையர் இருக்கா அங்கிள்?"

ஸ்டெல்லா விட்டுப்போனது ஒன்று அலமாரியில் இருந்தது. அதைப் பிடித்துப் போர்டைச் சூடாக்கினேன். கம்ப்யூட்டர் வந்தது. ஏழு மணிக்கு அழைப்பும் வந்தது. அந்தோணி அங்கிள் ஆண்டியை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

திரையில் ஸ்டெல்லா, நர்ஸ் உடுப்புகூட மாற்றாமல். உதட்டை மெதுவாக அசைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அம்மா... சாப்டியாம்மா... ஏதாவது பேசும்மா."

ஆண்டியின் கண் மகளின் உதட்டைவிட்டு அசையவில்லை. எல்லாம் புரிந்தது அவருக்கு. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, சொல்லாகவில்லை. நான் ஹேர் டிரையரின் ஒயரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கிளம்பும்போது அங்கிள் எனக்குக் காப்பி கொடுத்தார். ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டிருந்தால் தேவலை.

அந்த வாரமே போர்டை மாற்றிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் ரோசம்மா ஆண்டி இறந்துபோனார். சாவுக்கு வந்த ஸ்டெல்லா, திரும்பிப் போகுமுன் கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்கே வந்து செஞ்சு குடுத்தீங்கன்னு அப்பா சொன்னாருக்கா. அதனாலதான் அம்மா முகத்த எட்டு ஞாயிறு பாத்தேன்."

அதற்கு முந்தைய இரண்டு ஞாயிறுகள், ஆண்டிக்குப் பேச்சு இருந்த அந்த இரண்டு, என்னால்தான் போயின என்று அங்கிள் மகளிடம் சொல்லவே இல்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். "பரவால்ல லா" என்றேன்.

அவள் போய்விட்டாள். அங்கிள் வேலை ஓய்ந்ததும் எஸ்டேட் வீட்டைக் காலிசெய்து தம்பியோடு பீடோருக்குப் போனார்; அங்கேயே இறந்ததை ஐந்தாறு மாதம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். கடை இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாக்காரர்களுக்கு ஸ்ட்ராபெர்ரி சோப்பு விற்கிறார்கள். ஸ்டெல்லா எங்கே இருக்கிறாள் என்று கேட்க, அந்த லயத்து ஆட்களில் ஒருவர் நம்பர்கூட என்னிடம் இல்லை.

போன வருடம் அந்தப் பக்கம் போனேன். லயத்தை இடித்துவிட்டிருந்தார்கள். சுவர் இல்லாமல் சிமெண்டுத் தரை மட்டும் நீளமாக, புல் முளைத்துக் கிடந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தேன். அவர்கள் வீடு எதுவென்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.