ஈயமில்லாத குளிர்

என் வீட்டுக்காரருக்கு நரம்பு நோய். உடம்பு கொஞ்சம் சூடானாலே கால் இரண்டும் அவர் பேச்சைக் கேட்காது. ஆவடி தொழிற்சாலையில் இரும்போடு மல்லுக்கட்டிய மனிதர், சித்திரை வந்தால் குளியலறைக்குப் போக என் தோளைப் பிடிப்பார். கூச்சத்தை மறைக்க என்னைக் கிண்டல் செய்துகொண்டே நடப்பார்.

நான் பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பீங்கான் வில்லைகள் சுடுகிறேன். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். மின்சாரம் கொடுத்தால் வில்லை லேசாகச் சூடாகும். அந்தச் சூட்டை வெளியே வடியவிட்டு மின்சாரத்தை நிறுத்தினால், முன்பிருந்ததைவிடக் குளிர்ந்துவிடும். கம்ப்ரசர் வேண்டாம், வாயு வேண்டாம். இவற்றை வரிசையாகத் தைத்து அவருக்கு ஓர் உள்சட்டை செய்துவிட வேண்டும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. ஈயம் சேர்த்தால் வேலை சுலபம் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். அவர் நெஞ்சின் மேல் கிடக்கப்போகிற பொருளில் விஷத்தைக் கலப்பேனா? ஆனால் ஈயமில்லாத வில்லை முரண்டு பிடித்தது. குளிர் போதவில்லையே என்று மின்னழுத்தத்தை ஏற்றினால் ‘டப்’பென்று உடைந்துபோகும்.

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்பார்.

“இன்னாமே, இன்னிக்காவது சில்லுனு ஆச்சா?”

“ஒரு டிகிரி.”

“ஒரு டிகிரிய வெச்சிகினு இன்னா பண்றது? மூக்கு நுனிக்கே பத்தாது.”

ஒருநாள் மதியம் கரண்ட் போய் ஏசி நின்றது. ஆய்வகப் பழக்கத்தில், “இதோ இப்ப குளிரும் பாருங்க” என்று சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். “கரண்ட் போனா குளிரும்னு சொல்றவ இந்த ஆவடியிலயே நீ ஒருத்திதான்” என்றார். கரண்ட் திரும்பி வருவதற்குள் உடம்பு சூடேறி, அவரால் கையைக்கூடத் தூக்க முடியாமல் போனது. அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

போன கோடையில் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனையிலிருந்து அவரை உயிரில்லாமல்தான் கொண்டுவந்தோம்.

வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வரும்வரை வைத்திருக்க, கூடத்தில் ஃப்ரீசர் பெட்டியைக் கொண்டுவந்து போட்டார்கள். கம்ப்ரசர் தடதடவென்று ஓடியது. நான் வருடக்கணக்கில் பொத்தான் பொத்தானாகத் தேடிய குளிர் அதற்குள் கொள்ளை கொள்ளையாக இருந்தது. எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. உயிரோடு இருந்தவருக்குக் கொடுக்க ஒரு வழி இல்லாமல் போயிற்றே.

வந்தவர்கள் முகம் பார்க்கக் குனிந்தார்கள். கண்ணாடி முழுக்க நீர் கோத்திருந்தது. கொழுந்தன் துண்டால் துடைக்கத் துடைக்க மறுபடியும் மூடிக்கொண்டது. கடைசியில் என்னிடம் வந்தான்.

“அண்ணி, அண்ணன் மொகமே தெர்ல. கூலிங்க கொஞ்சம் கொறைக்கட்டா?”

எனக்கும் அந்த முகத்தை இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று உயிர் துடித்தது.

“கொறைக்காதப்பா,” என்றேன். “எனக்குத் தெரியலன்னாலும் பரவால்ல. அவரு சில்லுனு இருக்கட்டும்.”