கண்ணாடியில நேரா நின்ன குருவி

நம்புனா நம்புங்க, இல்லன்னா எழுந்து போயிடுங்க. பேயி பிசாசுன்னு எவனாவது வாய தொறந்தா அடிக்காத குறையா தொரத்துன ஆளு நான். திருத்தணியில போட்டோ புடிக்கிறவன், மலையில மொட்ட போட்டுகினு எறங்குற ஜனம் குடும்பம் குடும்பமா என் கேமரா பொட்டி முன்னாடி வந்து நிக்கும். அந்தப் பொழப்புல மண்ணப் போட்டது வேற யாரும் இல்ல, என் சொந்த அக்கா புருஷன், பாவா.

பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர் ஒருத்தர், எழுவது வயசு, என்கிட்ட படம் புடிச்சுகினு போயி நாலாம் நாளு செத்துட்டார். எழுவது வயசுல மனுஷன் சாவமாட்டானா? பாவாவுக்கு மலையடிவாரத்துல பூக்கடை. பூ வாங்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் "அவன் பொட்டி ஆயுச உறிஞ்சுதுங்க"ன்னு ஓதிட்டார். ஒரு மாசம் என் கடைக்கு ஈ காக்கா வரல. வயிறு எரியாதா எனக்கு?

நேரா போயி கேட்டேன். "வூட்டுக்கு வா பாவா, உன் கண்ணு முன்னால குருவிங்கள படம் புடிக்கிறேன். ஒண்ணு செத்தாலும் பொட்டிய ஒடச்சு அடுப்புல வெக்கிறேன்."

"ஆங், பாக்கலாம்டா"ன்னார்.

மாசி மாசம் அது. கொல்லையில குட்டைச் சுவத்துக்கு மேல என் வூட்டுக்காரி குருவிங்களுக்குன்னு நெல்லுக்கதிர் கட்டித் தொங்க விட்டிருந்தா. பயந்து பறக்கக் கூடாதுன்னு பத்து நாளு வெறும் ஸ்டாண்டு மேல கறுப்புத் துணிய போட்டு அதுங்களுக்கு பழக்கப்படுத்துனேன். யுத்த காலம், படம் பதியிற பிளேட்டு கெடைக்கிறதே குதிரைக்கொம்பு, அதுல ஒண்ண குருவிக்கு செலவழிக்க வெச்சுட்டாரே அந்த மனுஷன்!

பதினோராம் நாளு காலையில பாவா வந்தார், நல்ல வெயிலு. சுவத்து மேல ஏழு குருவி சிந்துன நெல்ல கொத்திகினு இருக்குது, அதுல ஒண்ணுக்கு ஒரு றெக்க வெள்ள. துணிக்குள்ள தலைய விட்டேன். பொட்டிக்குப் பின்னால இருக்குற கண்ணாடியில எதுவுமே தலைகீழாத்தான் தெரியும், எந்தப் பொட்டியும் அப்படித்தான். சுவரு தலைகீழா, ஆறு குருவி தலைகீழா. அந்த வெள்ள றெக்க மட்டும் நேரா நிக்குது. சத்தியமா சொல்றேன், காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்லாம அந்தரத்துல நிக்குது.

பாவாவ கூப்ட்டேன். அவரும் குனிஞ்சு பார்த்தார். நிமிர்ந்தப்போ மூஞ்சியில ரத்தமே இல்ல. நான் வீம்புக்கு பிளேட்ட சொருகி அமுக்கிட்டேன்.

கழுவிப் பார்த்தா ஆறு குருவி. ஏழாவது உக்காந்த எடத்துல செங்கல்லு தெளிவா தெரியுது. மறுநாள் அந்த வெள்ள றெக்க சுவத்தடியில செத்துக் கெடந்துச்சு.

பாவா இன்னா சொன்னார் தெரியுமா? "பாத்தியா, கொன்னுட்ட." யோவ், படத்துலயே விழாத குருவிய நான் எப்படிய்யா கொன்னேன்? படத்துல விழுந்த ஆறும் சித்திர முடியற வரைக்கும் அதே சுவத்துல கொத்திகினு இருந்துச்சே! கண்ணாடியில அவரே பார்த்தாரே, அத ஊர்ல ஒருத்தர்கிட்டயாவது சொன்னாரா?

பொட்டிய நான் ஒடைக்கல, எதுக்கு ஒடைக்கணும்? ஜனமும் மெதுவா திரும்பி வந்துச்சு. ஆனா இன்னிக்கும் யாராவது முன்னால வந்து உக்காந்தா, அவங்க தலைகீழா தெரியற வரைக்கும் என் நெஞ்சு அடிச்சுக்கும். ஆடிக் கிருத்திகைக்கு ஆடிக் கிருத்திகை என் வூட்டுக்காரி கேக்குறா, ஊரு உலகத்தயே புடிக்கிறீங்களே, என்னை ஒரு படம் புடிக்க மாட்டீங்களான்னு. பிளேட்டு இல்லன்னு சொல்லிடறேன். யுத்தம் முடிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு, பிளேட்டு பெட்டி பெட்டியா அடுக்கி வெச்சிருக்கேன். தூசி தட்டறதே அவதான்.