பனிப்புல்லில் அக்கா அறுத்த தளை

அக்காவின் இடது மணிக்கட்டு ஏன் கோணலாக இருந்தது என்று கேட்காத உறவினர் இல்லை. கேட்ட எல்லோருக்கும் அக்கா ஒரே பதிலைத்தான் சொன்னார். அந்தப் பதில் பொய். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளிலாவது உண்மையை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் பயந்த சுபாவம் என்பது சொந்தக்காரர்களான உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்த அக்கா, குரங்கணிக்கு மேலே மலைமேட்டில் வாழ்க்கைப்பட்டார். மச்சான் மூன்று சுமைக் குதிரைகள் வைத்திருந்தார். ஜீப் ஏறாத மேட்டு வீடுகளுக்கு அரிசி, பருப்பு போகும். இறங்கும்போது ஏலக்காய் மூட்டை வரும். மச்சான் நெஞ்சுவலியில் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது, "பொம்பளைக்கு எதுக்குக் குதிரைச் சோலி? வித்துப்புட்டு ஊருக்கு வா ஆத்தா" என்றார்கள் பெரியவர்கள். அக்கா விற்கவில்லை. என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். இரண்டு பிள்ளைகளையும் அந்தக் குதிரைகளை வைத்தே படிக்க வைத்தார்.

காலையில் குதிரையின் முன்னங்கால் இரண்டையும் கயிற்றால் தளைத்து மேய விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தளை இல்லாவிட்டால் அடுத்தவர் ஏலத்தோட்டத்தில் புகுந்துவிடும், சண்டை வரும். ஆனால் மார்கழி, தையில் புல் வெள்ளையாய் உறைந்து கிடக்கும் நாட்களில் அக்கா தளை போட விடமாட்டார். வழுக்கினால் கட்டிய காலால் ஊன்ற முடியாது. முதலில் சோளத்தட்டையும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொடுப்பார். வெறும் வயிற்றில் உறைந்த புல்லை மேய்ந்தால் வயிற்றுவலி கண்டுவிடும் என்பார். வெயில் விழுந்து, புல்லைக் கையால் தடவி, மொறுமொறுப்பு போய் ஈரம் தெரிந்த பிறகே கட்டுத்தறியிலிருந்து அவிழ்ப்பார். தோட்டத்து ஓரத்தில் தானே காவல் நிற்பார்.

எனக்குப் பெண் பேசி முடித்திருந்த மார்கழி அது. கீழே லோடு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா தண்ணீர் காயவைத்துக்கொண்டிருந்தார். சீக்கிரம் மேய்ந்தால் சீக்கிரம் சுமை ஏற்றலாம் என்று, செவலைக் குதிரைக்குத் தளை போட்டு நான் அவிழ்த்துவிட்டேன். பத்தடி போயிருக்காது; சறுக்கிச் சரிவில் உருண்டது.

"அடேய், தளையா போட்ட? அருவாளக் கொண்டா வெரசா!" என்று கத்திக்கொண்டே அக்கா இறங்கினார். உதைத்துக்கொண்டிருந்த கால்களுக்கு அருகே படுத்து, நான் கொண்டுவந்த அரிவாளால் கயிற்றை அறுத்தார். குதிரை எழுந்துவிட்டது. அது புரண்டபோது அடியில் சிக்கிய அக்காவின் மணிக்கட்டு ஒடிந்துபோயிருந்தது.

பார்க்க வந்தவர்களில் எனக்கு மாமனாராக வரவிருந்தவரும் இருந்தார். "நாந்தேன் தளையப் போட்டேன் மாமா, புத்தி கெட்டுப்போயி" என்றார் அக்கா. பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. அதன்பின் எத்தனை விசேஷ வீடுகளில், "பொம்பளைக்கு எதுக்குக் குதிரைச் சோலி" என்ற அதே பேச்சை அக்கா தலைகுனிந்து கேட்டிருப்பார்!

போன மார்கழியில் போடி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் தினமும் காலையில் அக்காவிடமிருந்து போன் வரும்.

"தம்பி, புல்லத் தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"தளை?"

"போடல."

"சரி, பாத்து விடு."

அடுத்த வார்த்தையாக மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். நாளைக்குக் கேட்போம் என்று விட்டுவிடுவேன். ஒரு காலை போன் வரவில்லை. பனி உருகி வெகுநேரமாகியும் குதிரைகளை அவிழ்க்காமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். நண்பகலில் அக்கா மகள்தான் அழைத்தாள்.

கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அக்காவைக் குரங்கணிக்குக் கொண்டுவந்து சேர்த்த ஜீப்காரர்களுக்கும், துக்க நாட்களில் குதிரைகளுக்குத் தட்டை போட்டுத் தண்ணீர் காட்டிய பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த வருஷமும் புல் உறைகிறது. தடவிப் பார்த்துவிட்டு, சந்தேகத்தில் மறுபடியும் தடவுகிறேன். செவலை இன்னும் இருக்கிறது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி அக்காவின் கையைப் பற்றிப் பேச்சு வந்தால், தளை போட்டவன் தம்பி என்று சொல்லுங்கள். என் மாமனார் காதில் விழும்படியே சொல்லுங்கள்.