கருப்பிக்குப் போட்ட ஊசி

விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்திய முதலாளி ஒருவர் ஆமத்தூர் பக்கம் குதிரைகள் வளர்த்தார். ஒரு சீசனில் அடுத்தடுத்து இரண்டு குதிரைகளுக்குக் கரு கலைந்தது. வெடிச் சத்தம்தான் காரணம் என்று அவர் நம்பினார். கலைந்த குட்டிகளின் ஈரலை நான் வேலை பார்த்த கால்நடை ஆய்வு லேபில் சோதித்தோம். குதிரைகளைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் இருந்தது.

அதற்கு நாங்கள் அப்போது டிஎன்ஏ தடுப்பூசி உருவாக்கிக்கொண்டிருந்தோம். வைரஸைச் செலுத்துவதில்லை. அதன் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை மட்டும் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தில் வைத்துத் தசையில் போடுவோம். குதிரையின் உடம்பே அந்தப் புரதத்தைச் செய்து, எதிர்க்கவும் பழகிக்கொள்ளும். எலிகளில் பலித்திருந்தது.

முறையான அனுமதியோடு அந்த லாயத்தில் சோதனை தொடங்கினோம். பாதிக் குதிரைகளுக்குத் தடுப்பூசி, ஒப்பிட்டுப் பார்க்க மீதிப் பாதிக்கு வெறும் உப்புநீர். குப்பிகளில் எண் மட்டும்தான். எது எதுவென்று ஊசி போடும் எனக்கும் தெரியாது.

குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் செல்லத்தாய். பட்டாசு ஆலை வேலையை விட்டுவிட்டு வந்தவர். கருப்பி என்ற சினைக்குதிரை அவர் கையில் மட்டும்தான் தீனி எடுக்கும்.

"டாக்டரம்மா, கருப்பிக்கு மட்டும் நெச மருந்தாப் பாத்துப் போட்டுருங்க" என்றார்.

எனக்கே தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை.

எல்லா டோஸும் முடிந்து, பிரசவத்துக்குச் சில வாரமே இருக்கையில் கருப்பிக்குக் கரு விழுந்தது. அதிலும் அதே வைரஸ். செல்லத்தாய் கேட்டது ஒன்றுதான்.

"தண்ணியத்தான போட்டீக?"

உப்புநீராக இருக்க வேண்டுமென்று நானும் உள்ளுக்குள் விரும்பினேன். அப்படியானால் எங்கள் மருந்து தப்பிக்கும்.

சோதனை முடிந்து எண்களைப் பிரித்தபோது கருப்பிக்குப் போனது தடுப்பூசி என்று தெரிந்தது. ரத்தத்தில் வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடி ஏறியிருந்தது. அது போதவில்லை. வேறு நோயும் இருந்திருக்கலாம் என்று எழுதி அந்தக் குதிரையைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்றார் என் மேலதிகாரி. விழுந்த கருவின் ஈரலில் வைரஸைக் கண்டதே நான்தான். விட முடியாது என்றேன். அவர் சில நாள் என்னோடு பேசவில்லை.

ஆமத்தூருக்குப் போய்ச் செல்லத்தாயிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கருப்பியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"தண்ணின்னு சொல்லிருந்தா உங்க மேல கோவப்பட்டுட்டுப் போயிருப்பேன். இப்ப யாரு மேல கோவப்பட?"



மரபணு மட்டும் போதாது என்பதால், அடுத்த தடுப்பூசியில் மரபணுவோடு புரதத்தையும் சேர்த்துப் பார்க்க முடிவெடுத்தோம். அறிக்கையில் கருப்பியின் வரி இல்லாதிருந்தால் அந்த யோசனையே வந்திருக்காது. லேபுக்குப் புதிதாக வருகிறவர்களிடம், மருந்து தோற்ற குதிரையை முதலில் எழுதச் சொல்கிறேன்.