ஸ்டெல்லாவின் வூட்டு ரூல்

வியாழக்கிழமை காலை, கேளம்பாக்கம் ஜங்ஷனில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தபோது அந்தோணி அண்ணனிடமிருந்து போன் வந்தது. "மாலதி, ஸ்டெல்லா பூட்டாம்மா" என்றார். ஆட்டோ வந்து நின்றதையும் கவனிக்காமல் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். "ஏறுமா, இல்லன்னா வழிய வுடு" என்றார் ஆட்டோக்காரர். அவளுக்கு உடம்பு முடியவில்லை என்பது மாதக்கணக்காகத் தெரிந்ததுதான். தெரிந்திருந்து என்ன, சாவுச் செய்தி என்று வந்தபோது அந்த ஆட்டோவை விட்டுவிட்டேன்.

படூரில் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஸ்டெல்லா என்றால் அட்மிஷன் கவுண்ட்டர். சர்ச்சில் இருப்பவர்களுக்கு முன்வரிசையில் நின்று பாடுகிறவள். எனக்குத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை மதியத்து ஸ்டெல்லா. அவள் கணவர் அந்தோணி அண்ணன் வாங்கிப் போட்ட பெரிய டைனிங் டேபிளில் நாங்கள் மூன்று பேர் போர்டு கேம் ஆடுவோம்: அவள், அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரியான நான், கல்லூரி பஸ் ஓட்டும் தினேஷ். நாங்கள் உருட்டும் பகடைக்கும் தினேஷ் விடுகிற கதைகளுக்கும் சேர்த்து எங்கள் போன் குரூப்புக்கு 'உருட்டு கோஷ்டி' என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

எனக்கு விதி என்றால் விதி. பெட்டிக்குள் இருக்கும் விதிப் புத்தகத்தை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் ஆட உட்காருவேன். அதனால் ஸ்டெல்லா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'ரூல்சு' என்பாள். முதல் ஞாயிறு ஆடியது ஒரு குகை ஆட்டம். ஆளுக்கொரு வீரன், அவனுக்கு எச்.பி. என்று கொஞ்சம் உயிர்ப் புள்ளிகள். பகடை மோசமாக விழுந்தால் பூதம் அடிக்கும், புள்ளி தீர்ந்தால் சாவு. செத்தவர் ஆட்டத்தை விட்டு விலகிவிட வேண்டும். தினேஷ் முதல் கதவைத் திறந்ததுமே செத்துப்போனான்.

ஸ்டெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. "மதுராந்தகத்துலேர்ந்து பஸ் மாறி வந்தவன், வந்ததும் வராததுமா செத்துட்டு போன நோண்டிகினு குந்திகினுகீறான். இன்னா ஆட்டம் இது?" என்றாள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். சில இடங்களில் ஆடுகிறவர்களே பேசி விதியை மாற்றிக்கொள்வார்கள், அதற்கு ஹவுஸ் ரூல் என்று பெயர் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

"வூட்டு ரூலா? அப்ப நான்தான் சொல்லணும். வூடு என்னுதுதான?"

அவள் சொன்னது இதுதான்: செத்தவங்களுக்கும் டர்ன் உண்டு. அந்த டர்ன் வரும்போது, உயிரோடு இருப்பவர்களில் யாருக்குப் பகடை காலை வாரியதோ அவரை இன்னொரு தடவை உருட்டச் சொல்லலாம். அப்புறம் சாகிற பயமே இருக்காது, ஆட்டமே கெட்டுவிடும் என்று சண்டை போட்டேன். "சாப்ட்டுட்டுதான் போவணும், அதுவும் வூட்டு ரூல்" என்று என் தட்டில் மீன் குழம்பை ஊற்றினாள். அந்த விதியால் அதிகம் பிழைத்தவள் நான்தான். ஆனாலும் ஒருநாளும் அதை ஒப்புக்கொண்டதில்லை.

அந்தோணி அண்ணன் மட்டும் ஆட வரமாட்டார். சமையலறை வாசலில் நின்று "டீ போடட்டா?" என்பார். கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். வீடியோ கேம்களில் யாரும் ஆட்டுவிக்காத ஆட்கள் சிலர் சும்மா நின்றுகொண்டிருப்பார்கள். எப்போது பேசினாலும் ஒரே வசனம்தான். அவர்களுக்கு என்.பி.சி. என்று பெயர் என்று தினேஷ் ஒருநாள் சொன்னதும் ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்கூட்ல ஒண்ணு கீது நைனா. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரே டயலாக்கு." அண்ணன் கோபப்படவில்லை. "அப்ப டீ வேணாமா?" என்றார். ஆனால் அவரை எப்படியாவது எங்களோடு உட்கார வைக்க வேண்டும் என்று அவளுக்கு நிஜமாகவே ஆசை. அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "டாக்டர் வந்து எச்.பி. பாத்துட்டுப் போனாரு. மூஞ்சியப் பாத்தா ரொம்ப இல்லன்னு தெரியுது" என்றாள். தினேஷுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரீஸ்பான் ஆயிடுவக்கா" என்றான். ஆட்டத்தில் செத்த வீரன் மறுபடி வேறோர் இடத்தில் முளைப்பதை அப்படித்தான் சொல்வோம். "எங்க சர்ச்சுல அதுக்கு வேற பேரு கீதுடா" என்று அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏ ரூல்சு, நான் பூட்டேன்னா இந்த மனுசன் சமையல்கட்டு வாசல்லயே நின்னுகினு இருப்பாரு. டேபிளாண்ட இட்டாந்துடு." சரி என்றேன்.

அடக்கம் முடிந்து இரண்டு ஞாயிறு நாங்கள் போகவில்லை. அவள் இல்லாத வீட்டில் போய்ப் பகடை உருட்டுவதா என்று எனக்கும் தயக்கம், தினேஷுக்கும் தயக்கம். அடுத்த ஞாயிறு மதியம் உருட்டு கோஷ்டியில் ஸ்டெல்லாவின் பெயரில் ஒரு மெசேஜ் வந்தது. பெயரை இரண்டு தடவை படித்தேன். அவள் போனிலிருந்து அண்ணன் அனுப்பியிருந்தார்.

"டீ போடட்டா?"

போனோம். பெட்டியைத் திறந்து, செத்த வீரனை வைப்பதுபோல் அவளுடைய வீரனைப் பலகையில் படுக்க வைத்தேன். அண்ணன் வழக்கம்போல் வாசலில் நின்றிருந்தார். "வந்து உக்காருங்கண்ணா" என்றேன். எனக்கு ஆடத் தெரியாதேம்மா என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தார். முதல் கதவைத் திறந்தார், பூதம் வந்தது, பகடையில் ஒன்று விழுந்தது. "அவ்ளோதானா? செத்துட்டனா?" என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

"இருங்க. இப்ப ஸ்டெல்லா டர்ன்" என்றேன். "செத்தவங்களுக்கும் டர்ன் உண்டு. அவ உங்கள இன்னொரு தபா உருட்டச் சொல்றா."

பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டு, படுத்திருந்த அவள் வீரனைப் பார்த்தார். பிறகு உருட்டினார். மறுபடியும் ஒன்று. தினேஷால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப இனிமே நானும் அவ பக்கம்தானா?" என்று கேட்டுச் சிரித்த அண்ணன், சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தார்.

ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு விதிதான். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி, இனி யார் மறுத்தாலும் அவர்களோடு நான் சண்டை போடுவேன். அன்றைக்கு அண்ணன் அழுது முடிக்கட்டும் என்று எழுந்துபோய்ச் சமையலறை வாசலில் நின்றேன்.

"டீ போடட்டா?" என்றேன்.